திருக்காவலூர் கட்டிய வீரமாமுனிவர்



நம் ஆலயத்தின் நூற்றாண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் பங்கின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அதனை நம் உபதேசியாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இம்மலரின் வேறு பக்கங்களில் நன்றாகவே எழுதியுள்ளனர். மேலும், கடந்த ஓராண்டாக நம் ஊரில் எந்தத் திண்ணையில் அமர்ந்தாலும் எழும் பேச்சு ஒன்று உண்டு. பழைய கோவிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதையே நீட்டிக் கட்டுவதா என்பதே அது. ஞாயிறு திருப்பலி முடிந்து படியிறங்கும்போதே குரல்கள் உயர்ந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் இதன்பொருட்டு இரண்டு மாதம் பேசாமலிருந்ததையும் நாம் அறிவோம். ஆகவே, நம் மண்ணில் கோவில் கட்டியவர்களுள் பெரியவரான ஒருவருடைய வாழ்வை, அவர் கட்டிய கோவில்களை முன்வைத்து எழுதத் துணிந்தோம். அவர்தாம் வீரமாமுனிவர்.

அவரைத் தேம்பாவணி பாடிய புலவராகவும், சதுரகராதி தந்த அறிஞராகவும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட சிலைகளுள் அவருடைய சிலையும் ஒன்று. ஆனால் அவர் நம் பக்கத்து மனிதர், கொள்ளிடக் கரையின் மண்ணை மிதித்துக் குழைத்துக் கோவில் எழுப்பியவர் என்பதை நம்மவரே பலர் மறந்துவிட்டோம்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். கொன்ஸ்தாந்தீனோ யோசேப் பெஸ்கி என்பது இயற்பெயர். இளைஞரின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். ஆகவே அந்த ஊரின் பிள்ளைகளுக்கு இயேசு சபை என்ற பெயர் தாய்ப்பாலோடு வந்தது எனலாம். பெஸ்கி 1698-இல் அச்சபையில் சேர்ந்தார். 1709-இல் குருப்பட்டம் பெற்றார்.

அவர் பிறந்து வளர்ந்த நாட்டில் கோவில்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைச் சற்றே சொல்லவேண்டும். நம் திண்ணைப் பேச்சுக்கும் அது பயன்படும். அவர் இறையியல் கற்ற பொலோஞா நகரின் நடுவில் புனித பெத்ரோனியார் பேராலயம் நிற்கிறது. அதற்கு அடிக்கல் நாட்டியது 1390-இல். அதன் முகப்பில் கீழ்ப்பாதிக்குப் பளிங்குக்கல் பதித்தார்கள். மேல்பாதி வெறும் செங்கல்லாகவே இன்றுவரை நிற்கிறது. அறுநூறு ஆண்டு கடந்தும் அந்த வேலை முடியவில்லை. மாணவராக இருந்த பெஸ்கி அந்த அரைகுறை முகப்பை நாள்தோறும் கண்டிருப்பார். மாந்துவாவில் புனித அந்திரேயா பேராலயத்தை 1472-இல் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது, அங்கிருந்த பழைய மடத்துக் கோவிலை எடுத்துவிட்டனர். எனினும் 1413-இல் எழுந்த மணிக்கூண்டை மட்டும் இடிக்காமல் புதிய கோவிலின் பக்கத்திலேயே நிற்கவிட்டனர். புதியதன் பாணி வேறு, கூண்டின் பாணி வேறு. இரண்டும் இன்றும் தோளோடு தோள் நிற்கின்றன. அந்தப் பேராலயத்தின் குவிமாடம் எழத் தொடங்கியது 1732-இல். அதாவது நம் முனிவர் தமிழில் சதுரகராதி தொகுத்த அதே ஆண்டில்.

இப்படிப்பட்ட நாட்டிலிருந்து புறப்பட்டவர் 1710-ஆம் ஆண்டு அக்டோபரில் கோவா வந்திறங்கினார். அங்கே குழந்தை இயேசு பேராலயத்தில் புனித சவேரியாரின் திருவுடலைத் தாங்கும் பளிங்குப் பீடம், தஸ்கனி நாட்டுக் கோமகன் அனுப்பியது, 1698-இல்தான் நிறுவப்பட்டிருந்தது. இத்தாலியக் கைவேலையை அவர் அத்தனை பெரிய அளவில் கடைசியாகக் கண்டது அங்கேயாகத்தான் இருக்கவேண்டும். ஏனெனில் 1711-இல் அவர் நுழைந்த மதுரை மிஷனில் பளிங்கும் இல்லை, குவிமாடமும் இல்லை.

தத்துவ போதகர் 1606-இல் தொடங்கிய அந்த மிஷனில் கோவில் என்பது பெரும்பாலும் மண்சுவரும் கூரை வேய்ந்த முகடுமே. ஊருக்கு வெளியே ஒரு புறம்போக்கு. அதில் ஒரு குடிசை பீடத்திற்கு, ஒரு குடிசை சுவாமிக்கு, ஒரு பந்தல் மக்களுக்கு. எந்த இடத்திலும் பாளையக்காரரின் அனுமதியின்றி ஒரு முளைக்குச்சியும் அடிக்க முடியாது. இன்று அனுமதி தந்தவர் நாளை மனம் மாறினால் கூரைக்குத் தீ வைக்கப்படும். மழைக்குப்பின் மீண்டும் மண் பிசைந்து சுவர் எழுப்புவார்கள். இதனைக் கட்டடக் கலை என்று சொல்லலாமா என்று நம் பொறியாளர் தம்பிகள் கேட்கலாம். எரிந்தால் ஒரு வாரத்தில் எழுப்பிவிடக்கூடிய கோவிலை எரிப்பதில் எவனுக்கும் பெரிய ஊதியம் இல்லை. அக்காலத்திற்கு அதுவும் ஒரு கலையே.

இங்கு வந்தவர் தம் பெயரைத் தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். அதுவும் வடசொல்லாக ஒலித்தமையால் பின்னர் வீரமாமுனிவர் எனும் பெயரே நிலைத்தது. காவி உடுத்தார்; புலால் நீத்தார். முதற் சில ஆண்டுகள் தென்பாண்டி நாட்டில் காமநாயக்கன்பட்டி முதலிய இடங்களில் பணிசெய்தார். 1714-15-இல் குருக்கள்பட்டியில் பிடிபட்டுச் சிறையிடப்பட்டு, மரண தீர்ப்பும் பெற்றார். தீர்ப்பு நிறைவேறாமல் விடுதலையானார். அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டது 1693-இல். அது நடந்து அப்போது இருபது ஆண்டு சொச்சமே ஆகியிருந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பு வெறும் மிரட்டலாக எவருக்கும் தோன்றியிராது. அந்தச் சிறையிலிருந்து வெளிவந்த மனிதர்தாம் பின்னர் அடைக்கலம் என்னும் சொல்லைத் தம் அன்னைக்கு அணிகலனாகச் சூட்டினார் என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

இனி ஏலாக்குறிச்சிக்கு வருவோம். அது இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர். நம்மில் பலர் நேர்ச்சைக்காக நடந்தே சென்று வந்திருக்கிறோம். அந்த இடத்தின் அருமை அதன் இருப்பிடத்திலேயே உள்ளது. அக்காலத்தில் கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சி. வடகரையில் அரியலூர் மழவராயர் பாளையமும், அதற்குக் கிழக்கே உடையார்பாளையமும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நாட்டில் கிறிஸ்தவர்களுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. வீடும் நிலமும் இழந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து வடகரை ஏறினர். கோடையில் மணலில் நடந்து கடக்கலாம். ஆடி ஆவணியில் வெள்ளம் வந்துவிட்டால் துரத்துகிறவனும் கடக்க முடியாது, தப்புகிறவனும் கடக்க முடியாது. அப்படிக் கரையேறியவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

முனிவர் அந்த இடத்தைத் தம் பணியின் நடுவிடமாக்கினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டார். காவல், அடைக்கலம் என்ற இவ்விரு சொல்லிலும் அந்தக் கோவிலின் வரைபடம் முழுவதும் அடங்கியுள்ளது என்று நமக்குத் தோன்றுகிறது. பீடத்தைச் சுற்றிக் குடியிருப்பு, குடியிருப்பைச் சுற்றி வயல், அதற்கப்பால் ஆறு. ஐரோப்பாவில் மதிலுக்குள் ஓடி ஒளிவதற்கென மலை உச்சியில் கோவிலோடு சேர்ந்த கோட்டைகள் உண்டு. இங்கே மலையும் இல்லை, கோட்டை கட்டப் பணமும் இல்லை. பாளையக்காரரின் நல்லெண்ணமே மதில்.

அந்த நல்லெண்ணம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு வழிவழிச் செய்தி உண்டு. அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு முதுகில் ராஜபிளவை கண்டு, வைத்தியர் கைவிட்ட நிலையில், முனிவர் அன்னையை வேண்டி அவ்விடத்து மண்ணையும் நீரையும் மருந்தாக இட, புண் ஆறியது என்பர். அந்நன்றிக்கு மழவராயர் கோவிலுக்கு நிலம் மானியமாக விட்டுக் கல்லிலும் பொறித்துக் கொடுத்தார் என்றும் சொல்லி வருகின்றனர். முனிவர் சித்த மருத்துவம் அறிந்தவர் என்ற பேச்சும் இதனோடு சேர்ந்து வழங்குகிறது. எப்படியாயினும், ஆளுவோரின் துணையின்றி அக்கோவில் நிலைத்திருக்க முடியாது என்பது உறுதி. வேற்றுச் சமயத்தவரான ஒரு குறுநில மன்னரின் கொடையில் நம் அன்னையின் வீடு நிற்கிறது. இன்று சமயத்தின் பெயரால் அடுத்த தெருவில் வாங்கவும் விற்கவும் தயங்குகிறவர்கள் ஒருமுறை ஏலாக்குறிச்சி சென்று வருவது நல்லது.

வெள்ளாற்றுப் பக்கம், விருத்தாசலம் வட்டத்தில் உள்ள கோணான்குப்பத்திலும் அவர் ஒரு கோவில் எழுப்பினார். முகாசா பரூர்க் கச்சிராயர் அதற்குத் துணைநின்றார் என்பது அவ்வூர் மரபு. அங்கே அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். அது அப்பக்கத்து மக்களின் நாவில் முன்பே பழகிய பெயர். அன்னையின் சொரூபம் பிலிப்பீன் தீவுகளின் மணிலா நகரில் செய்விக்கப்பட்டுக் கப்பலில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தது என்பதும் அங்கே வழங்கும் செய்தி. மரத்தைச் செதுக்கியவன் எந்த நாட்டவனாயினும், உடுத்தியது நம் பெண்கள் உடுத்தும் சேலை. முனிவர் செய்த கட்டடப் பணியில் இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். தூணும் வளைவும் எந்த ஊர்க் கொத்தனும் எழுப்பலாம். உள்ளே நுழைகிற கிழவி, இது நம் வீட்டுப் பெண் என்று மாதாவை நிமிர்ந்து பார்க்கும்படிச் செய்வது எளிதன்று. கொள்ளிடத்தின் தென்புறத்தில் பூண்டி மாதா கோவிலும் முனிவரைத் தன் நிறுவுநராகக் கூறி மகிழ்கிறது.

கட்டுவதற்கு அவருக்கு வாய்த்த பொருள்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் நின்றது. அதில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் படிந்து இறுகியதே நம் சுண்ணாம்புக்கல். இன்று சிமெண்டு ஆலைகள் அதைத் தோண்டுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் ஓடையில் கல்லாகிப்போன நத்தையைப் பொறுக்கி வருகிறார்கள். சிமெண்டு வருமுன் இந்தக் கல்லையே காளவாயில் சுட்டு, நீற்றி, செக்கில் மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை ஆக்கினார்கள். நம் பழைய கோவிலின் சுவரும் அக்காரைதான். அது சிமெண்டைப்போல ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கல்லாகும். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடவும் செய்யும்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நாம் இப்பங்கிற்கு வந்த முதலாண்டில், கோவிலின் தெற்குச் சுவர் அடியில் காரை உதிர்கிறதென்று பெண்கள் பலர் குறைகூறினர். நாமும் யோசியாமல் இடுப்பளவு உயரத்திற்குச் சிமெண்டு பூசச் செய்தோம். இரண்டு மழைக்காலம் போனபின் சிமெண்டுக்கு மேலே, தலையளவு உயரத்தில், முன்பு நன்றாயிருந்த இடமெல்லாம் உப்புப் பூத்து உதிரத் தொடங்கியது. சுவருக்குள் ஏறிய ஈரம் கீழே வெளியேற வழியின்றி மேலே ஏறிவிட்டதென்று, பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் பின்னர் சொல்லித்தான் தெரிந்தது. கோவில் பழுதாகிவிட்டது, இடிக்கத்தான் வேண்டும் என்று இன்று பலர் சுட்டிக்காட்டும் அந்தச் சுவரைப் பழுதாக்கியது நூறாண்டு வயதன்று, நாமே.

முனிவரிடம் திரும்புவோம். கோவில் கட்டுகிறவருக்குச் சுவரோடு வேலை முடிவதில்லை. உள்ளே ஒலிக்கவேண்டிய சொல்லையும் கட்டவேண்டும். அவர் ஏலாக்குறிச்சியை நடுவிடமாகக் கொண்டிருந்த ஆண்டுகளில் எழுதிய நூல்களை எண்ணிப் பார்த்தால் மலைப்பே வருகிறது. புனித சூசையப்பரை வளன் என்ற பெயரில் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 1726-இல் நிறைவெய்தியது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். யூதேயா நாட்டைப் பாடுகிறவர் நம் காவிரிக் கரையின் வயலையும் வாழையையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். அதே 1726-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் ஊர்க்காரரான ஞானப்பிரகாசியாருக்கு உரோமையில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அச்செய்தி கப்பலேறி ஏலாக்குறிச்சியை அடைந்த நாளில் முனிவர் எப்படி மகிழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. உபதேசியார்களுக்கென வேதியர் ஒழுக்கம் 1727-இல், வேத விளக்கம் 1728-இல், தொன்னூல் விளக்கம் 1730-இல், சதுரகராதி 1732-இல். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் தெளிவான வேறுபாடு இல்லாமலிருந்த குறையை நீக்கி, இரட்டைச் சுழிக் கொம்பை வழங்கச் செய்தவரும் அவரே. நம் வீட்டுப் பிள்ளை சிலேட்டில் ஏடு என்றும் தேன் என்றும் எழுதும்போது அவர் கை அங்கே இருக்கிறது.

ஆயினும் நாம் இங்கே முக்கியமாகக் குறிப்பது திருக்காவலூர்க் கலம்பகத்தை. ஒரு கோவிலூரின் மீது கலம்பகம் பாடுவது தமிழ் மரபு. அரங்கத்துக்கு உண்டு, தில்லைக்கு உண்டு. அவ்வரிசையில் கொள்ளிடக் கரையின் இந்தச் சிற்றூரையும் அவர் கொண்டுபோய் அமர்த்தினார். மண்சுவரைத் தீ கொள்ளலாம், வெள்ளம் கொள்ளலாம். ஓலையில் ஏறிய ஊரை எடுப்பது கடினம். அடைக்கல மாலையும், அன்னை அழுங்கல் அந்தாதியும், கித்தேரியம்மாள் அம்மானையும் பிறந்த சூழல் இதுவே. கல்வியறிவற்ற ஏழைக் கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து ஓடிவந்து தங்கிய இடத்தில் இத்தனை தமிழ் விளைந்தது என்பது நமக்கு இன்றும் வியப்பே.

அவரைக் குறித்துப் பெருமையாகச் சொல்லப்படுவன எல்லாவற்றையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய சரித்திரம் முனிவரைப் பல்லக்கிலும் புலித்தோல் ஆசனத்திலும் அமர்த்துகிறது. சந்தா சாகிபின் திவானாகவும் காட்டுகிறது. சந்தா சாகிபிடம் அவருக்கு மதிப்பிருந்தது, அதைத் தம் மக்களின் பாதுகாப்புக்குப் பயன்படுத்தினார் என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை. திவான் பதவிக் கதையைப் பிற்கால ஆய்வாளர் ஏற்கவில்லை. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய எழுத்துப் போரின் சூடும் இன்று நமக்குப் பழக்கமில்லாதது. வேடிக்கை என்னவெனில், அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடியார்தாம். சண்டை ஒரு பக்கம், நல்ல நூல் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டார்கள்.

நாட்டில் அமைதி குலைந்தது. 1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைகொண்டனர். அதையொட்டிய ஆண்டுகளில் முனிவர் நம் பகுதியை விட்டுத் தெற்கே கடற்கரைப் பக்கம் சென்றார். இறுதியில் மலையாள நாட்டில் அம்பலக்காட்டில் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பழைய நூல்கள் சிலவற்றில் 1742 என்றும் மணப்பாடு என்றும் காணப்படும், அது திருத்தப்பட்டுவிட்டது. அம்பலக்காடு தமிழுக்குப் புதிய ஊரன்று. தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி ஒன்று 1679-இல், முனிவர் பிறப்பதற்கு ஓராண்டு முன், அச்சானது அங்கேதான்.

அவருக்குப்பின் அவர் எழுப்பிய கோவில்கள் பட்ட பாடு நீண்ட கதை. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. மேய்ப்பர் இல்லாத பங்குகளில் ஆண்டுக்கொருமுறை ஒரு குரு வந்துபோனால் பெரிது. பின்னர் புதுவை மறைப்பணியாளர்கள் பொறுப்பேற்றனர். 1899-இல் புதுவையிலிருந்து பிரிந்து நம் குடந்தை மறைமாவட்டம் உருவானபோது ஏலாக்குறிச்சி நம்மிடம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் விளக்கேற்றி வைத்திருந்தவர்கள் உபதேசியார்களும் ஊர் மக்களும். சுவர் சரிந்தபோது எடுத்துக் கட்டியவர்களும் அவர்களே. ஆகவே ஏலாக்குறிச்சியிலும் கோணான்குப்பத்திலும் இன்று நாம் காணும் கட்டடங்களில் பிற்காலத்தார் கைகள் பல பட்டுள்ளன. எது முனிவர் வைத்த செங்கல், எது பேரன் வைத்த செங்கல் என்று பிரித்துக் கேட்பவருக்கு அங்குள்ள பெரியவர்கள் சிரித்துக்கொண்டே மாதாவைக் காட்டுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். இடத்தை எவரும் மாற்றவில்லை; பெயரை எவரும் மாற்றவில்லை. சுவரை மாற்றியிருக்கிறார்கள், நீட்டியிருக்கிறார்கள், உயர்த்தியிருக்கிறார்கள்.

இதனை எழுதும்போது நமக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. இளங்குருவாக நாம் முன்பு பணிசெய்த ஒரு பங்கில், பீடத்தைப் புதுமைப்படுத்துவதாகச் சொல்லி, காரையில் திராட்சைக் கொடி வேலைப்பாடு செய்த பழைய பீடத்தை ஒரே பிற்பகலில் இடித்துத் தள்ளினோம். திருச்சங்கத்தின் புதிய வழிபாட்டு முறைக்கு அது தடை என்று நாமே விளக்கமும் சொன்னோம். சற்றே முன்னால் ஒரு மேசைப் பீடம் போட்டிருந்தால் போதுமானது; இடிக்கச் சொல்லி எவரும் நமக்குக் கட்டளையிடவில்லை. மறுநாள் காலை, இடிபாட்டுக் குவியலில் ஓர் ஆயா குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன ஆயா என்று கேட்டோம். கையளவு கொடித் துண்டொன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, ஒன்றுமில்லை சாமி என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்குத் திருமணம் நடந்ததும் கணவருக்கு அடக்கத் திருப்பலி நடந்ததும் அந்தப் பீடத்தின் முன்பே என்று பின்னர் அறிந்தோம். இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. அந்த முடிச்சு நம் கண்ணைவிட்டு அகலவில்லை.

இளைஞர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. கோவில் கட்டியபோது இருந்த குடும்பங்களைவிட இன்று பலமடங்கு குடும்பங்கள். பாஸ்குத் திருவிழிப்புக்குப் பாதிப்பேர் வெளியே பந்தலில் நிற்கிறோம். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் வேப்பமரத்தடியில் இருந்தே பூசை காண்கிறார்கள். உள்ளே இருப்பவர் நிழலில், வெளியே இருப்பவர் வெயிலில் என்றால், அந்தக் கோவில் அடைக்கலம் தருகிறது என்று எப்படிச் சொல்வது? ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு இடமில்லை என்று முனிவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். கூடுதலாக ஒரு பந்தலாவது போட்டிருப்பார்.

எனவே பங்குப் பேரவையாரோடும், ஆயர் இல்லத்தின் ஆலோசனையோடும் பேசியதில் ஒரு வரைபடம் உருவாகியுள்ளது. பழைய கோவிலின் பீடமுற்றமும் மணிக்கூண்டும் நடுக்கூடத்தின் வடக்குச் சுவரும் அப்படியே நிற்கும். தெற்குச் சுவரில் நாம் பூசிய சிமெண்டு உரிக்கப்பட்டு, சுவர் வளைவுகளாகத் திறக்கப்படும். அதற்கப்பால் புதிய கூடம் எழும். புதிய கூடம் புதிய முறையிலேயே இருக்கும். பழையது போன்று வேடமிடாது. செலவு முழுவதும் இடித்துக் கட்டுவதைவிடக் குறைவாகுமா என்பது இன்னும் கணக்கிடப்படுகிறது. காரை வேலை தெரிந்தவர்கள் கிடைப்பதும் எளிதாக இல்லை. இது முடிந்த முடிவன்று. வரைபடத்தின் பெரிய நகல் பங்குமனைத் திண்ணையில் ஒட்டப்பட்டுள்ளது. விழா முடிந்த மறு ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் வேப்பமரத்தடியில் கூடிப் பேசுவோம். இடிக்கவேண்டும் என்போரும் வரலாம், கூடாது என்போரும் வரலாம். மேற்சொன்ன தகப்பனும் மகனும் ஒரே பெஞ்சில் அமரும்படி இருவரிடமும் தனித்தனியே கேட்டுக்கொண்டுள்ளோம். மகன் சரி என்றிருக்கிறார். தகப்பனார் பார்க்கலாம் சாமி என்று சொல்லியிருக்கிறார்.